மிஸ் பஸ் நடத்திய பள்ளிக்கூடம்

என் பெரியம்மாவுக்குக் கணக்கு வராது. வராது என்று சொல்வதைவிட, யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று சொல்வதே நியாயம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். பால்காரருக்குக் கொடுக்க வேண்டியதைச் சமையலறைச் சுவரில் கரித்துண்டால் கோடு கிழித்து வைப்பாள். முழுக் கோடு ஒரு படி. பாதிக் கோடு அரைப் படி. மாதம் பிறந்ததும் பெரியப்பா வந்து கோடுகளை எண்ணித் தொகையைச் சொல்லுவார். ஒரு மாதம் பெரியப்பா ஊரில் இல்லை. பால்காரர் கேட்ட பணத்தைப் பெரியம்மா அப்படியே கொடுத்துவிட்டாள். பெரியப்பா திரும்பி வந்து கோடுகளை எண்ணிப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகத்தான் போயிருந்தது. "பொம்பிளை மூளைக்குக் கணக்கு ஏறாது, விடு" என்று சொல்லிச் சிரித்தார். பெரியம்மாவும் சிரித்தாள். அங்கே அரைக்கால் சட்டையோடு நின்றுகொண்டிருந்த நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை வெகுகாலம் மறந்திருந்தேன். சில வருஷங்களுக்கு முன், இங்கிலாந்தில் பெண் கல்வி வளர்ந்த கதையைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விவரம் கண்ணில் பட்டது. 1863-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் லண்டனில் பெண்களுக்கு ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். அதில் பெரிய பெண்களுக்கான பிரிவில் உட்கார்ந்தவர்கள் 40 பேர். அவர்களில் எண்கணிதத்தில் தவறிப்போனவர்கள் 34 பேர்.

இந்தச் செய்தியிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, என் பெரியப்பாவின் முடிவு. லண்டனிலும் அன்றைக்கு அப்படிச் சொன்ன பெரியப்பாக்கள் ஏராளமாக இருந்தார்கள். கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம். மற்றொரு முடிவு, "நாம் சொல்லிக் கொடுத்த விதம் சரியில்லை" என்பது. அந்தப் பெண்களை அனுப்பி வைத்த உபாத்தியாயினிகளில் ஒருத்தி இந்த இரண்டாவது முடிவுக்கு வந்தாள். அவள் பெயர் பிரான்ஸிஸ் மேரி பஸ். பெயரைப் படித்ததும் நமக்கு நாற்சந்தியில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும் வாகனம் ஞாபகத்துக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அவள் காலத்துப் பெண் அவள் போன தூரம் போவதற்கு அப்படி ஒரு வாகனம் ஏதும் கிடையாது. நடந்துதான் போனாள்.

அவள் பிறந்தது 1827-ம் வருஷம், லண்டனில். தகப்பனார் ராபர்ட் வில்லியம் பஸ் ஒரு சித்திரக்காரர். திறமை இருந்தது, அதிர்ஷ்டம் இல்லை. அவருடைய துரதிர்ஷ்டத்துக்கு ஓர் உதாரணம் சொன்னால் போதும். 1836-ம் வருஷம் டிக்கன்ஸ் என்ற இளைஞர் மாதாமாதம் பகுதி பகுதியாக ஒரு கதை வெளியிட ஆரம்பித்தார். அதுதான் பின்னால் உலகமெல்லாம் பெயர் பெற்ற பிக்விக் கதை. அதற்குப் படம் போட்டுவந்த சித்திரக்காரர் திடீரென்று தற்கொலை செய்துகொண்டார். அந்த இடத்துக்குப் பஸ்ஸைக் கூப்பிட்டார்கள். உலோகத் தகட்டில் அமிலம் விட்டுப் படம் செதுக்கும் வேலையில் அவருக்குப் பழக்கம் இல்லை. அவசர அவசரமாகக் கற்றுக்கொண்டு இரண்டு படங்கள் கொடுத்தார். பதிப்பாளர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்த இரண்டோடு அவரை நிறுத்திவிட்டு வேறோர் இளைஞரை வைத்துக்கொண்டார்கள். அந்த இளைஞருக்கு டிக்கன்ஸோடு சேர்ந்து கீர்த்தி வந்தது. பஸ் மனத்தில் கசப்பை வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அதிசயம். டிக்கன்ஸ் 1870-ல் காலமான பிறகு, அவர் நாற்காலியில் சாய்ந்து கனவு காண்பது போலவும், அவருடைய கதாபாத்திரங்களெல்லாம் சுற்றி மிதப்பது போலவும் ஒரு சித்திரம் தீட்டத் தொடங்கினார். 1875-ல் இறந்துபோகும்வரை அது முடியவில்லை. பாதி வர்ணத்தோடு நிற்கும் அந்தப் படம்தான் இன்று அவர் பெயரைச் சொல்லுகிறது.

இப்படிப்பட்ட வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமானால் அம்மா ஏதாவது செய்தாக வேண்டும். பிள்ளைகளோ பலர், மூத்தவள் பிரான்ஸிஸ். தான் படித்த பள்ளிக்கூடத்திலேயே பதினான்காம் வயதில் அவள் சொல்லிக் கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டாள். 1845-ல் அம்மாள் கெண்டிஷ் டவுன் என்ற பகுதியில் ஒரு சிறு பள்ளிக்கூடம் தொடங்கினாள். மகளும் கூடவே நின்றாள். லட்சியம், தொண்டு என்ற பெரிய வார்த்தைகளெல்லாம் பிறகு வந்தவை. ஆரம்பத்தில் இருந்தது வீட்டு வாடகையும் ரொட்டிச் செலவும்தான். இதைச் சொல்வதில் அவர்களுக்குக் குறைவு ஒன்றும் இல்லை.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் நிலைமையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பணக்கார வீட்டுப் பெண்ணுக்குக் கவலை இல்லை. கூலிக்காரன் மகளுக்கு வேலை இருந்தது; ஆலையிலோ அடுக்களையிலோ கை தேய உழைக்கலாம். நடுவில் இருந்த குமாஸ்தாவின் மகள், வைத்தியரின் மகள், சித்திரக்காரரின் மகள் ஆகியோருக்குத்தான் திண்டாட்டம். கல்யாணம் ஆனால் பிழைத்தாள். ஆகாவிட்டால் அவளுக்கு இருந்த ஒரே கௌரவமான பிழைப்பு, யாராவது பெரிய வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் 'கவர்னெஸ்' வேலை. வேலைக்காரியோடும் சேர்த்தியில்லை, வீட்டாரோடும் சேர்த்தியில்லை. மாடியில் ஓர் அறை, தனிச் சாப்பாடு, சொற்பச் சம்பளம், கிழவியானால் தெரு.

சரி, அந்தக் குழந்தைகளுக்கு அவள் என்ன சொல்லிக் கொடுப்பாள்? தனக்குத் தெரிந்ததைத்தானே? அவள் படித்த பள்ளிக்கூடங்களில் கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் பியானோ, பூத்தையல், முதுகு வளையாமல் உட்காரும் வித்தை, கேள்வியும் பதிலுமாக நெட்டுருப் போட்ட சரித்திரம் ஆகியவற்றைத்தான் கற்பித்தார்கள். கணக்கு என்றால் கூட்டலும் கழித்தலும். அதுவும் ஏன் அப்படிச் செய்கிறோம் என்று கேட்கக் கூடாது. நம் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்களுக்காக நாலு கீர்த்தனை பாடம் பண்ணி வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பாட்டு குறைவானது என்று நான் சொல்லவில்லை. வேறு ஒன்றுமே கிடையாது என்பதுதான் குறை.

1848-ல் லண்டன் ஹார்லி தெருவில் குவீன்ஸ் காலேஜ் என்று ஒரு கல்லூரி ஏற்பட்டது. கவர்னெஸ்களின் பரிதாப நிலையைக் கண்டு, அவர்களுக்குப் பாடம் சொல்லி அத்தாட்சிப் பத்திரம் கொடுப்பதற்காகச் சில பாதிரிமாரும் பேராசிரியர்களும் சேர்ந்து தொடங்கியது. பகலில் வேலை பார்க்கும் பெண்களுக்காக மாலை வகுப்புகளும் நடந்தன. மிஸ் பஸ் அங்கே சேர்ந்தாள். பகலெல்லாம் தாயார் பள்ளியில் பாடம் சொல்லிவிட்டு, மாலையில் ஹார்லி தெருவுக்கு நடந்து போய்ப் பாடம் கேட்டுவிட்டு, இரவில் திரும்ப நடந்து வந்து, மறுநாளைக்குத் தயார் செய்துகொண்டு படுப்பாள். அப்போது அவளுக்கு வயது இருபத்திரண்டு. தனக்கு எவ்வளவு தெரியாது என்பதை முதல் தடவையாகத் தெரிந்துகொண்ட இடம் அது. உபாத்தியாயருக்கு அதைவிட மேலான படிப்பு வேறு உண்டா?

1850-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 4-ம் தேதி, காம்டன் தெரு 46-ம் நம்பர் வீட்டில், 'வடலண்டன் பெண்கள் காலேஜியேட் பள்ளி' என்ற பெயரோடு புதுப் பள்ளி தொடங்கியது. தலைமை ஆசிரியை பிரான்ஸிஸ் பஸ். முதல் நாள் வந்த பெண்கள் 35 பேர். அந்த வருஷம் முடிவதற்குள் 115 பேர் ஆகிவிட்டார்கள். குடும்பமே பள்ளிக்கூடம், பள்ளிக்கூடமே குடும்பம். சிறு குழந்தைகள் அம்மாளின் பொறுப்பு. படம் வரைவதும் விஞ்ஞானமும் தகப்பனார் வேலை. அவர் ரசாயனப் பாடம் நடத்தினால் வீடு முழுவதும் நாற்றமும் வெடிச் சத்தமுமாக இருக்குமாம்; பிள்ளைகளுக்குப் பரம சந்தோஷம். பிக்விக் கதையில் தோற்ற மனிதர் மகள் வகுப்பில் ஜெயித்தார் என்று சொல்ல வேண்டும். தம்பிமாரும் பாடம் சொன்னார்கள். பேட்டையின் பாதிரியார் டேவிட் லெயிங் ஊராரிடம் நல்ல வார்த்தை சொல்லி ஆதரித்தார்.

இந்தப் பள்ளியில் இரண்டு விஷயங்கள் புதிது. ஒன்று, "உன் அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்ற கேள்வியைக் கொண்டு பெண்களைப் பிரிப்பதில்லை. கடைக்காரர் மகளும் வக்கீல் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்த நாளைய இங்கிலாந்தில் இது சாமானியமான காரியம் அல்ல. கடைக்காரர் மகளோடு உட்கார்ந்தால் தங்கள் பெண் கெட்டுப்போய்விடுவாள் என்று பயந்த பெற்றோர்கள் நிறைய உண்டு. அந்தப் பயம் எப்படிப்பட்டது என்பதை நம் தேசத்தில் நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, எந்த மதத்துப் பெண்ணும் சேரலாம். மத போதனை வேண்டாமென்றால் பெற்றோர் சொல்லிவிடலாம். மிஸ் பஸ் தேவாலயத்தில் ஆழ்ந்த பக்தி உள்ளவள். ஆனாலும் யூதப் பெண்ணைத் தன் வாசலில் நிறுத்தி விசாரிக்கவில்லை.

இப்படிப் பதின்மூன்று வருஷம் கழிந்தது. பிறகு வந்ததுதான் நான் முதலில் சொன்ன பரீட்சை.

எமிலி டேவிஸ் என்று மற்றொரு பெண்மணி இருந்தாள். ஆள் சின்ன உருவம், பிடிவாதம் மலை. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை வெளியூர்ப் பையன்களுக்கு நடத்தி வந்த பரீட்சையைப் பெண்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று அவள் கிளம்பினாள். சர்வகலாசாலையார் தயங்கித் தயங்கி, "ஒரே ஒரு தடவை, அதுவும் பரிசோதனையாக, பையன்களுக்குக் கொடுக்கும் கேள்வித்தாள்களைத் தருகிறோம்" என்றார்கள். இடையில் இருந்த அவகாசம் சுமார் ஆறு வாரம். பல பள்ளித் தலைவிகள் கையை விரித்துவிட்டார்கள். பெண்கள் பரீட்சை எழுதினால் நரம்பு தளர்ந்துவிடும், மூளைக் காய்ச்சல் வரும் என்று வைத்தியர்களே பயமுறுத்திய காலம் அது. முடிவில் 83 பெண்கள் வந்தார்கள். அவர்களில் 25 பேர் மிஸ் பஸ்ஸின் பிள்ளைகள். அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தன் பள்ளியிலிருந்து அவள் ஒருத்தியே கொண்டுவந்து நிறுத்தினாள்.

பரீட்சை நடந்தது. ஒரு பெண்ணுக்கும் காய்ச்சல் வரவில்லை. கணக்கில்தான் விழுந்தார்கள்.

ஒரு பள்ளித் தலைவியின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். நம் பள்ளியின் மானம் போயிற்றே என்று பிள்ளைகளைக் கோபித்திருக்கலாம். கேள்வித்தாள் கடினம் என்று பத்திரிகைக்கு எழுதியிருக்கலாம். இனிமேல் இந்த வம்பே வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கலாம். இது மூன்றும் நம் கண்ணெதிரே நடக்கிற காரியங்கள். மிஸ் பஸ் நாலாவது காரியத்தைச் செய்தாள். தன் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையே மாற்றினாள். நெட்டுரு போயிற்று, காரணம் கேட்கும் பழக்கம் வந்தது. தோல்வியை மறைக்காமல், "எங்கே குறை என்று தெரிந்துகொள்ளத்தானே பரீட்சை" என்கிற தோரணையில் நடந்துகொண்டாள். 1865-ல் சர்வகலாசாலை அந்தப் பரீட்சையைப் பெண்களுக்கு முறையாகவே திறந்துவிட்டது.

அதே 1865-ல் மற்றொரு சம்பவம். இங்கிலாந்தில் நடுத்தர வகுப்பினரின் பள்ளிகளை விசாரிப்பதற்கு அரசாங்கம் ஒரு கமிஷன் நியமித்திருந்தது. முதலில் பையன்களின் பள்ளிகளைப் பற்றி மட்டுமே யோசித்தார்கள். பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று எமிலி டேவிஸ் விடாமல் மனுப்போட்டுச் சேர்க்க வைத்தாள். நவம்பர் மாதத்தில் அவளும் மிஸ் பஸ்ஸும் கமிஷன் முன் சாட்சி சொல்லப் போனார்கள். மீசையும் தாடியுமாகப் பிரபுக்களும் கனவான்களும் வரிசையாக உட்கார்ந்திருந்த அறை. நூற்றுக்கணக்கான பெண்களை ஒரு பார்வையில் அடக்கிய மிஸ் பஸ்ஸுக்கு அங்கே நா எழவில்லை. கண்ணில் ஜலம் வந்துவிட்டது. கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னாள்: தன்னிடம் வரும் பெண்கள் பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு மேலும் சாதாரணக் கணக்குத் தெரியாமல் வருகிறார்கள், மூளை இல்லாததால் அல்ல, யாரும் கற்பிக்காததால்.

இதில் ஒரு வேடிக்கை. அவர்கள் போன பிறகு கமிஷனில் ஒருவர், இந்த ஸ்திரீகள் இவ்வளவு பெண்மையோடு இருப்பார்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை என்றும், மிஸ் பஸ்ஸின் கண்ணீரைத் தாம் கண்டதாகவும் உருகிச் சொன்னாராம். அவள் சொன்ன விவரங்கள் அவர் மனத்தில் எவ்வளவு நின்றனவோ, கண்ணீர் நின்றுவிட்டது. படித்த பெண் மீசை முளைத்தவளாக வருவாள் என்று எதிர்பார்த்திருந்தார் போலும். எப்படியானால் என்ன? 1868-ல் வந்த அறிக்கை, பெண்களின் படிப்பு அஸ்திவாரம் இல்லாத கட்டடமாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகக் கல்விக்கென்று எழுதி வைத்த ஆஸ்திகள் எல்லாம் பையன்களுக்கே போய்ச் சேருகின்றன, பெண் பள்ளிகள் அனுபவிப்பவை விரல்விட்டு எண்ணத் தக்கவை என்பதும் வெளிச்சமாயிற்று. அடுத்த வருஷமே ஒரு சட்டம் வந்தது. பழைய தர்மச் சொத்துக்களின் பலனைப் பெண்களுக்கும் பகிரலாம் என்பதற்கு அதில் வழி இருந்தது.

இப்போது இந்தக் கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

1870-ல் மிஸ் பஸ்ஸுக்கு வயது நாற்பத்து மூன்று. பள்ளி அவளுடைய சொந்தச் சொத்து. நன்றாக நடக்கிறது, நல்ல பெயர், நல்ல வருமானம். தாயார் 1861-லேயே காலமாகிவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செல்டனம் என்ற ஊரில் பெண்கள் கல்லூரியை நடத்திய மிஸ் பீல் என்பவளையும் இவளையும் சேர்த்து, மன்மதன் அம்பு பாயாத இரண்டு பேர் என்று யாரோ ஒரு கேலிப் பாட்டுக் கட்டினார்கள். அது இன்றும் இங்கிலாந்தில் வழங்குகிறது. அதிருக்கட்டும். அப்படியே இருந்திருந்தால் வயோதிக காலத்தைச் சௌக்கியமாகக் கழிக்கப் போதுமான பணம் சேர்ந்திருக்கும்.

அவள் என்ன யோசித்தாள் என்றால், "நான் கண்ணை மூடினால் இந்தப் பள்ளி என்ன ஆகும்?" என்று யோசித்தாள். சொந்தக்காரி போனால் பள்ளியும் போகும். அதுதான் அந்நாளில் அத்தனை தனியார் பெண் பள்ளிகளின் தலைவிதி. பையன்களின் பள்ளிக்கூடங்கள் முன்னூறு, நானூறு வருஷம் நிற்கின்றன. ஏனென்றால் அவை ஒருவருக்கும் சொந்தமல்ல. ஆகவே தன் பள்ளியைத் தர்மகர்த்தாக்கள் வசம் எழுதிக் கொடுத்துவிட்டாள். மேஜை நாற்காலிகளோடு, இருபது வருஷத்துப் பெயரோடு, லாபத்தோடு கொடுத்துவிட்டாள். நேற்றுவரை எஜமானியாக இருந்த இடத்தில் இன்று சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தலைமை ஆசிரியை ஆனாள். தன் வருமானத்தை அவள் தானே குறைத்துக்கொண்டாள்.

அதோடு விடவில்லை. 1871 ஜனவரியில் பெரிய பள்ளி காம்டன் சாலையில் வேறு வீட்டுக்குப் போயிற்று. காலியான பழைய 46-ம் நம்பர் வீட்டில் இரண்டாவது பள்ளி ஒன்று திறந்தாள். அதன் பெயர் காம்டன் பெண்கள் பள்ளி. முதல் பள்ளியின் சம்பளத்தைக் கட்ட முடியாத சிறிய குமாஸ்தாக்கள், சிறு கடைக்காரர்கள் ஆகியோரின் மகள்களுக்காக, குறைந்த சம்பளத்தில்.

பிறகுதான் பிச்சைப் பாத்திரம் கைக்கு வந்தது. பிரபுக்களுக்கும் வியாபாரிகளுக்கும் கடிதம் எழுதினாள். எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. லண்டனில் பையன்களுக்கு ஒரு பள்ளி என்று கேட்டவர்களுக்குச் சில மாதங்களில் பல்லாயிரம் பவுன் விழுந்தது. பெண்களுக்கு என்றதும் பணப்பை சுருங்கிவிட்டது. "நல்ல காரியம், நடத்துங்கள்" என்ற ஆசீர்வாதத்துக்குக் குறைவில்லை. ஆசீர்வாதத்தை வைத்துக் கூரை வேய முடியுமா? அந்தச் சமயத்தில் அவள் மனம் உடைந்து போனதும், உடம்பு சோர்ந்து படுத்ததும் உண்டு. ஆனால் சொந்தப் பள்ளியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் கைகொடுத்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? பீர் காய்ச்சுகிற வியாபாரிகளின் சங்கத்தார்! லண்டனில் ஒவ்வொரு தொழிலுக்கும் பழைய சங்கம் உண்டு. ரிச்சர்டு பிளாட் என்ற பீர் வியாபாரி 1597-ல் ஆல்டனம் என்ற ஊரில் பையன்களுக்கு ஒரு பள்ளி வைத்து, அதற்காகச் சொத்தும் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். நகரம் வளர்ந்து நிலங்களின் விலை ஏறியதும் அந்தத் தர்மத்தில் பணம் மிஞ்சியது. புதுச் சட்டத்தின்படி அதிலிருந்து 20,000 பவுன் மிஸ் பஸ்ஸின் இரண்டு பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. ஜவுளிக்காரர் சங்கத்தார் மண்டபம் கட்டப் பணம் கொடுத்தார்கள். 1879-ல் சாண்டால் சாலையில் புதுக் கட்டடத்தை இளவரசர் தம்பதியே வந்து திறந்து வைத்தார்கள். பீர் காசில் பெண்கள் படித்தார்கள் என்று சிரிக்கலாம். பையன்களுக்காக எழுதி வைத்த பணத்தில் படித்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆஸ்தியில் பங்கு கேட்டு வாங்கிய பெண்கள் அவர்கள்.

மிஸ் பஸ்ஸை ஒரு தேவதையாக எழுதிவிட்டால் அது பொய்யாகிவிடும். கண்டிப்பு என்றால் கொஞ்சநஞ்சக் கண்டிப்பு அல்ல. 1880-களில் அங்கே படித்த மாலி ஹ்யூஸ் என்பவள் பிற்காலத்தில் தன் வரலாற்றை எழுதினாள். அந்தப் பள்ளியில் எத்தனை விதிகள் இருந்தன என்பதை அவள் வாயால் கேட்டால் சிரிப்பும் வரும், மூச்சும் திணறும். மாடிப்படியில் ஓடக் கூடாது. வகுப்பில் பேசக் கூடாது. பென்சில் பெட்டியைக் கீழே போடக் கூடாது. மழையில் நனைந்துகொண்டு வரவும் கூடாது. சேரப் போன அன்று, மற்றப் பாடங்களோடு, ஒரு துணியில் காஜா எடுத்துக் காட்டச் சொன்னார்களாம். அவளுக்குத் தெரியவில்லை. காஜா எடுக்கத் தெரியாத பெண்ணைச் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். கற்றுக்கொண்டு திரும்பப் போய் எடுத்துக் காட்டிய பிறகுதான் இடம் கிடைத்தது.

இந்தக் காஜாவை நினைத்து நான் நிறைய யோசித்ததுண்டு. ஜியோமிதியும் லத்தீனும் சொல்லிக் கொடுக்கத் துணிந்தவள் இந்தப் பொத்தான் துளையை ஏன் விடமாட்டேன் என்றாள்? ஊர் வாய்க்குப் பயந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. "படித்த பெண்ணுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது" என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. கமிஷன் அறையில் கண்ணீர் வந்தவளுக்கு அந்த எச்சரிக்கை இருந்திருக்கும். அத்தனை விதிகளுக்கும் அதுவேதான் காரணமாயிருக்கலாம். ஒரு பெண் தெருவில் சத்தமாகச் சிரித்தால், பள்ளிக்கூடத்தையே மூடச் சொல்லக் காத்திருந்தவர்கள் உண்டு. பையன்கள் கண்ணாடியை உடைத்தால் கண்ணாடி மட்டுந்தான் உடையும். இருந்தாலும், நாளெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இரக்கமாகத்தான் இருக்கிறது. மாலி ஹ்யூஸும் மன்னிக்கவில்லை. ஆனால் தான் படித்த படிப்பை மறுக்கவும் இல்லை.

அவள் பள்ளியைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கினார்கள். 1872-ல் பெண்கள் பகற்பள்ளிகளுக்காக ஒரு கம்பெனி ஏற்பட்டு, இதையே மாதிரியாக வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பள்ளி வைத்தது. 1874-ல் தலைமை ஆசிரியைகள் சேர்ந்து ஒரு சங்கம் கண்டார்கள். மிஸ் பஸ் அதன் தலைவி. லண்டன் சர்வகலாசாலை 1878-ல் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க முன்வந்தது. கேம்பிரிட்ஜோ, பரீட்சை எழுத இடம் கொடுத்ததே தவிர, பையன்களுக்குச் சமமாகப் பட்டம் கொடுக்க 1948 வரை மனம் இரங்கவில்லை. நம் சென்னையில் முத்துலட்சுமி அம்மையார் வைத்தியப் பட்டம் பெற்றது 1912-ல். இந்த இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பெரிய இடங்களுக்குத்தான் கதவு கனமாக இருக்கிறது என்று தோன்றும்.

மிஸ் பஸ்ஸின் ஆசிரியைகளில் ஒருத்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. ஸோபி பிரையண்ட் என்று பெயர். டப்ளினில் பிறந்தவள். பத்தொன்பதாம் வயதில் ஒரு டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு வருஷத்துக்குள் கணவன் இறந்துபோனான். இருபது வயது விதவை என்றால் நம் பக்கத்தில் அன்றைக்கு என்ன செய்திருப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மிஸ் பஸ் 1875-ல் அவளைக் கூப்பிட்டுக் கணக்கு ஆசிரியையாக வைத்துக்கொண்டாள். பாடம் சொல்லிக்கொண்டே படித்து, 1884-ல் விஞ்ஞான டாக்டர் பட்டம் வாங்கினாள். இங்கிலாந்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவள்தான். தேன்கூட்டின் அறைகள் ஏன் அந்த வடிவத்தில் அமைகின்றன என்று கணித முறையில் ஆராய்ந்து கட்டுரையும் எழுதினாள். மிஸ் பஸ் 1894-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலமானாள். அடுத்த தலைவி ஸோபி பிரையண்ட்தான். 1918 வரை நடத்தினாள். கணக்கில் 34 பேர் தவறிய பரீட்சைக்கும் இந்த அம்மாளின் பட்டத்துக்கும் நடுவில் இருபத்தொரு வருஷந்தான். பெண் மூளை அதற்குள் மாறிவிட்டதா? சொல்லிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பள்ளிகள் பின்னால் என்ன ஆயின என்று கேட்பீர்கள். பெரிய பள்ளி 1929-ல் எட்ஜ்வேர் பக்கத்தில் கேனன்ஸ் என்ற மாளிகையையும் தோட்டத்தையும் விலைக்கு வாங்கி, 1940-க்குள் முழுவதும் அங்கே குடிபோய்விட்டது. இடையில் அரசாங்கத்தின் மானியம் பெற்று, அதற்குப் பிரதியாகச் சம்பளம் கட்ட முடியாத பெண்களுக்கும் இடம் கொடுத்துவந்தது. 1970-களில் அந்த மானிய முறையை எடுத்துவிட்டார்கள். பள்ளி சுயேச்சையாக நிற்கத் தீர்மானித்தது. சுயேச்சை என்றால் பெற்றோர் கட்டும் சம்பளத்தில் நிற்பது. இன்று இங்கிலாந்தின் முதல் வரிசைப் பள்ளிகளில் அது ஒன்று. கொரியாவிலும் துபாயிலும்கூட அதன் பெயரில் பள்ளிகள் நடக்கின்றன. சம்பளம் பெரிய சம்பளம். உபகாரச் சம்பளம் கிடைக்காவிட்டால் சித்திரக்காரர் மகள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். சிறிய பள்ளியோ, குமாஸ்தா மகள்களுக்காகத் திறந்த அந்தக் காம்டன் பள்ளி, சர்க்கார் பள்ளியாகி, சம்பளம் இல்லாமல் எல்லோருக்கும் இடம் கொடுத்துக்கொண்டு இன்றும் லண்டனில் நடக்கிறது.

இரண்டில் எது மிஸ் பஸ்ஸின் பள்ளி? பெயரும் சரித்திரமும் பெரியதற்குச் சொந்தம். அதைக் குறை சொல்ல நான் யார்? அவள் எழுதிக் கொடுத்ததால்தானே அது நிற்கிறது? ஆனால் அவளுடைய ஆவி எங்காவது வருஷத்துக்கு ஒரு நாள் வந்து உட்காருவதானால், சிறிய பள்ளியில் கணக்கு வகுப்பின் கடைசிப் பெஞ்சில் வந்து உட்காரும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி.

பெரியம்மா போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. அந்த வீட்டுச் சுவருக்கு எத்தனையோ தடவை வெள்ளை அடித்தாகிவிட்டது. அவள் ஒரு மாதம்கூடக் கோடு கிழிக்கத் தவறியதில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். முழுக் கோடு, பாதிக் கோடு, வராத நாளுக்கு ஒரு புள்ளி. கணக்கு வைத்திருந்தவள் அவள்தான். கூட்டுவதற்கு மட்டும் ஒருவரும் கற்றுத் தரவில்லை. அன்று நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்லிக் கொடுத்திருக்கலாம். சிரித்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.